மிதிக்கிற கால்

நாங்கள் நகரி என்ற ஊரில் கைத்தறி நெய்பவர்கள். என் கணவருக்கு முன்பு வைத்த இதய வால்வு பழுதானது. தொடை ரத்தக்குழாய் வழியாகப் புது வால்வு வைக்கலாம், நெஞ்சைக் கீறி வைப்பது அவர் நுரையீரலுக்கு ஆபத்து என்றார் திருப்பதி டாக்டர்.

"நெஞ்சுலயே வைங்க சார்" என்றார் கணவர். நானும் தலையாட்டினேன்.

"ஏன்?" என்று டாக்டர்தான் கேட்டார்.

"தறி மிதிச்சிக்கினு இருக்கிற காலு சார். மரத்துப்போனா என்னா பண்றது?" என்றார் கணவர்.

"சின்னத் துளைதான், ஆறிடும். ஒரு மாசத்துல மிதிக்கலாம்."

தொடை வழியாகவே வைத்தார்கள். இப்போதெல்லாம் காரணம் கேட்காமல் நான் தலையாட்டுவதில்லை.

தினமும் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு, மிதிக்காமல் உட்கார்ந்திருக்கிறார். தறி மிதிக்கிற அந்தச் சத்தத்துக்காக அவரைவிட நான்தான் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.