கமர்கட்டும் கையேட்டின் முதல் அத்தியாயமும்

அந்தப் பெண்ணைப் பற்றி நல்லவிதமாக நாலு வார்த்தை எழுதச் சொன்னால் என்னால் முடியாது. இன்றைக்கும் முடியாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைப் பெருந்தன்மையான ஆள் என்று நினைத்து ஏமாந்துவிடக் கூடாது.

எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு சின்ன சர்வே ஆபீசில் வரைபடம் போடுகிறவன் நான். கண்டெய்னர் லாரிகளின் நடுவே பைக்கை நுழைத்துக் காலையில் போய், அதே லாரிகளின் நடுவே சாயங்காலம் திருவொற்றியூருக்குத் திரும்புவேன். கால்வாய் எங்கே போகிறது, குழாய் எங்கே திரும்புகிறது என்று கணினியில் வரைந்து கொடுப்பது வேலை. விலை கொடுத்து வாங்கும் மென்பொருளுக்கு முதலாளி கையை விரித்துவிட்டார். அதனால், உலகம் முழுக்கப் பலபேர் சேர்ந்து எழுதி இலவசமாக விட்டிருக்கிற ஒரு வரைபட மென்பொருளில்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது. அதன் பயனர் கையேடும் அப்படித்தான். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் எழுதியதையும் யாரும் திருத்தலாம்.

தமிழில் அந்தக் கையேடு இல்லை என்று தெரிந்ததும் நான் உட்கார்ந்தேன். பிரியாணிக்குக் கூப்பிட்ட தோஸ்துகளை விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் அதிலேயே தொலைத்து எழுதினேன். முதல் அத்தியாயம் முழுக்க என்னுடையது. லேயர் என்று ஓரிடத்தில்கூட எழுதவில்லை, அடுக்கு என்றே எழுதினேன். ஒவ்வொரு மெனுவுக்கும் தேடித் தேடித் தமிழ்ப்பெயர் வைத்தேன். தமிழ்க் கையேட்டுக்காரர்களுக்கென்று செல்போனில் ஒரு குழு இருக்கிறது. அதில் எனக்கு ஒரு மரியாதை இருந்தது.

அப்போதுதான் அவள் வந்து சேர்ந்தாள். ராயபுரத்துப் பெண், என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். துறைமுகத்தில் சரக்குகளுக்கு அனுமதி வாங்கித் தரும் ஆபீசில் வேலை. அலை புகுந்து உடைத்த தெருக்களை வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று அவர்கள் சர்ச் பக்கத்துப் பிள்ளைகள் ஆசைப்பட, அதற்காக மென்பொருளைக் கற்றுக்கொண்டவள். வந்த வாரமே, "அண்ணா, உங்க அத்தியாயம் சூப்பரா கீது. ரெண்டொரு எடத்துல மட்டும் சந்தேகம்" என்று எழுதினாள். அந்த ரெண்டொரு இடத்தை அவள் பட்டியல் போட்டபோது, திரையை விரலால் தள்ளித் தள்ளி எனக்கு விரல் வலித்தது.

அதோடு நின்றிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். அவளே முதல் அத்தியாயத்தைப் புதிதாக எழுதிக் குழுவில் போட்டாள். கைதட்டல், பூச்செண்டு, இதயம் என்று பொம்மைகள் கொட்டின. என் அத்தியாயத்துக்கு அன்றைக்கு ஒரே ஒரு கட்டைவிரல் வந்தது. அந்த ஆசாமி யார் வீட்டில் எழவு என்று போட்டாலும் கட்டைவிரல் காட்டுகிறவர். அவள் எழுதியதைத் திறந்து, தப்பு கண்டுபிடிக்கவே வரி வரியாகப் படித்தேன். எழுத்துப்பிழைகூட இல்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

குழுவைப் பார்த்துக்கொள்பவர் கோயம்புத்தூர்க்காரர், சண்டை என்றால் பத்தடி தள்ளி நிற்பவர். "ஒரே கையேட்டில் இரண்டு முதல் அத்தியாயம் இருக்க முடியாதுங்க. அடுத்த ஞாயிறு ராயபுரம் சர்ச் ஹாலில் மீனவப் பசங்களுக்கு வகுப்பு. அங்கே எதை வைத்துச் சொல்லிக் கொடுக்கிறீங்களோ அது இருக்கட்டும், இன்னொன்றை எடுத்துடலாம். நீங்க ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து ஊருதானே, பேசி முடிவு பண்ணிக்குங்க" என்று ஜகா வாங்கிக்கொண்டார்.

எடுத்துவிடலாமாம். என் ஞாயிற்றுக்கிழமைகளை எடுத்துவிடலாமாம்!

அவளுக்கு போன் போட்டேன். குரல் உயராமல் பேச வேண்டும் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். முடியவில்லை.

"இன்னாண்ணா இவ்ளோ சூடாவுறீங்க?" என்றாள். "நீங்களும் நானும் பேசி இன்னா ஆவப்போது? இத்த தொட்டே பாக்காத ஒருத்தர குந்த வைப்போம். மொதல்ல உங்க அத்தியாயத்த படிச்சி செய்யட்டும், அப்பால என்னுது. எது முடியுதோ அது இருக்கட்டும். நீங்களே ஆள சொல்லுங்க."

நானே ஆளைச் சொல்வதா! மாட்டினாள் என்று நினைத்தேன். என் மனைவியைச் சொன்னேன். வியாசர்பாடிக்காரி, துணிக்கடையில் பில் போடுகிறவள். கணினியைக் கண்டு பயப்பட மாட்டாள், ஆனால் இந்த மென்பொருளைத் திறந்ததே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, என் மனைவி. எந்தப் பக்கம் சாய்வாள் என்பது எனக்குத் தெரியாதா?

சனிக்கிழமை சாயங்காலம் ராயபுரத்துப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பொட்டலம். பிரித்தால் கமர்கட். ஒன்றை என்னிடம் நீட்டி, ஒன்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"இன்னாத்துக்கு இது?" என்றேன்.

"எங்க வயக்கம்ணா. எழுதுனவங்க வாயில கமர்கட் போட்டுக்கணும். படிக்கிறவங்க தடுமாறும்போது நம்ம வாய் சொம்மா இருக்காது, சொல்லிக் குட்த்துடுவோம். நாளைக்கி இத்த படிக்கிறவன் பக்கத்துல நாம இருப்பமா? எங்க நிக்கிறாங்கன்னு பாத்து அங்க ஒரு கோடு போட்டுக்கணும், அவ்ளோதான்."

என் மனைவி சிரித்தாள். "நல்ல ரூலா கீதே! இத்த தெனமும் போட்டுக்கச் சொல்லும்மா இந்தாள."

நாங்கள் இருவரும் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். மனைவி கைப்பேசியில் என் அத்தியாயத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கணினி முன்னால் குந்தினாள். கொடுத்த வேலை சின்னதுதான். எங்கள் தெருவில் நாலு இடத்துக்குச் செல்போன் காட்டிய இடக்குறி எண்களை மென்பொருளுக்குள் கொண்டுவந்து, வரைபடத்தில் புள்ளியாகப் பார்க்க வேண்டும்.

"அடுக்குப் பட்டியலில் அடுக்கைச் சேர் என்பதைச் சொடுக்குக," என்று சத்தமாகப் படித்தாள். திரையைப் பார்த்தாள். மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். "எங்க கீது? இதுல அல்லாமே இங்கிலீஷுலதான கீது? அடுக்குன்னு ஒண்ணியும் காணமே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் ஆபீசில் அந்த மென்பொருளை ஆங்கிலத்தில்தான் ஓட்டுகிறேன். எனக்குத் தெரிந்து இந்த வட்டாரத்தில் எல்லாரும் அப்படித்தான். திரையில் இல்லாத பெயரை எழுதி வைத்துவிட்டு அதைச் சொடுக்கு என்றிருக்கிறேன். லேயர், லேயர் என்று நெஞ்சுக்குள் கத்தினேன். கமர்கட்டை நறுக்கென்று கடித்துவிட்டேன். வாயைத் திறப்பதற்குள் அவள் பொட்டலத்திலிருந்து இன்னொன்றை எடுத்து நீட்டினாள். வாங்காமல் என்ன செய்வது? வாங்கினேன்.

தட்டுத் தடுமாறி என் மனைவி அந்த மெனுவைத் தானாகவே பிடித்துவிட்டாள். கெட்டிக்காரி. அடுத்த வரி, "எக்ஸ் அச்சில் தீர்க்கரேகையையும் ஒய் அச்சில் அட்சரேகையையும் உள்ளிடுக." எந்த எண் எந்த ரேகை என்று தெரியாமல் அங்கேயே நின்றுவிட்டாள். செல்போன் முதலில் காட்டுவது பதிமூன்று, அடுத்து எண்பது. அவள் அந்த வரிசையிலேயே போட்டாள். எங்கள் தெரு வடதுருவத்துப் பனிக்கடலில் போய் விழுந்தது.

"யோவ், நம்ம வூடு இன்னாயா எங்கியோ கீது?"

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அவள் நோட்டில் கோடு போடும் சத்தம் கேட்டது. சிரிக்கிறாளா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நாலு வார்த்தை திட்டவாவது சாக்குக் கிடைத்திருக்கும்.

பிறகு அவளுடையது. "மேலே லேயர் என்று இருப்பதை அழுத்துங்கள். கீழே விரியும் பட்டியலில் ஆட் லேயர் இருக்கும்." மனைவியின் கை தயங்கவே இல்லை. "உங்கள் எண்களில் எண்பதில் தொடங்குவதை எக்ஸ் பெட்டியில் போடுங்கள், பதிமூன்றில் தொடங்குவதை ஒய் பெட்டியில் போடுங்கள். மாற்றிப் போட்டால் புள்ளி உலகத்தின் உச்சிக்குப் போய்விடும், பயப்படாமல் திருப்பிப் போடுங்கள்." போட்டாள். நாலு புள்ளிகளும் எங்கள் தெருவில் வந்து உட்கார்ந்தன.

"ஐயே, நம்ம தெரு! அதோ பால் பூத்து! அதோ கோயிலு!" கைதட்டினாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் என் வேலையைப் பார்த்து அவள் ஒருமுறைகூடக் கைதட்டியதில்லை.

"அக்கா ஃபர்ஸ்ட் கிளாஸ்," என்றாள் அவள்.

"நான் இன்னா செஞ்சேன்? நீ எழுதுனது அப்படிக் கீது. பக்கத்துல குந்திகினு சொல்றா மாரி."

"அப்போ என்னுது?" என்றேன். வாயில் கமர்கட் இருந்ததால் சொல் குழறியது.

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கிண்டல் செய்வாள் என்று எதிர்பார்த்தேன். செய்யவில்லை. "உன்னுது நீ எழுதுனா மாரியே இல்லய்யா. யாரோ ஆபீசரு எழுதுனா மாரி கீது. நீ வாயால சொன்னா எனக்குப் புரியும்."

முடிவு அவ்வளவுதான். என் கையாலேயே குழுவில் எழுதினேன், அவளுடையது இருக்கட்டும் என்று. கோயம்புத்தூர்க்காரர் உடனே கும்பிடு பொம்மை போட்டார். என் அத்தியாயத்தை எடுத்துவிட அவருக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை.

அவளோ, "அண்ணா, மொதல்ல நீங்க எழுதுனதாலதான் எனக்கு எழுதவே தோணிச்சி. ரெண்டாவது அத்தியாயம் சேந்து எழுதலாமா?" என்று கேட்டாள். நல்ல பெண்ணாகவும் இருந்து தொலைக்கிறாள். பார்க்கலாம் என்றேன்.

கிளம்புவதற்காகச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவளை என் மனைவி வாசல்வரை போய்ப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டாவது எப்போ எழுதுவ? புள்ளி வச்சாச்சு, அப்பால இன்னா, கோடா? எனக்குத்தான் மொதல்ல காட்டணும், ஆமா."

இருவரும் அங்கேயே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கணினியை அணைக்கிற சாக்கில் உள்ளேயே இருந்தேன். அத்தியாயம் போனது போகட்டும். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை இதே நாற்காலியில் எழுதியிருக்கிறேன். அப்பால இன்னா என்று என் மனைவி என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை.