இஃப் படித்துப் போய் பொலியில் மாட்டிய நாள்

பாப்பா, தம்பி, உங்கள் அப்பா நான் இங்கிலீஷ் படித்ததை நினைத்து நீங்கள் ரெண்டு பேரும் இன்னும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் எனக்கு வேலை மாறிய அன்று மலையில் என்ன நடந்தது என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் "கெடச்சிருச்சுல்ல, விடுங்க" என்று தப்பித்து வந்தேன். இப்போது முழுசாக எழுதிவிடுகிறேன்.

தேயிலைத் தொழிற்சாலையில், தூள் சலிக்கும் அறையில் நான் வேலை செய்தது உங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்த பிறகும் நிற்காத என் இருமலும் தெரியும். "தூசிய விட்டு வெலகுங்க" என்று டாக்டர் சுலபமாகச் சொல்லிவிட்டார். விலகி எங்கே போவது? அப்போதுதான் சுற்றுலா வருகிறவர்களுக்குத் தோட்டத்தைச் சுற்றிக்காட்ட ஓர் ஆள் வேண்டும் என்றார் தோட்டத்தை நடத்துகிற துரை. கொஞ்சமாவது இங்கிலீஷ் பேச வேண்டுமாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஹட்டனுக்கு பஸ் ஏறினேன். கடைத்தெரு மாடியில் வகுப்பு. என்னைத் தவிர எல்லாரும் ஓ.எல். பரீட்சை எழுதப்போகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள். வாத்தியார் யாழ்ப்பாணத்துக்காரர்.

"இஃப் நிக்கிற பக்கத்திலை வில் வராது, கண்டியளோ? மழை பெய்தால் நான் வரமாட்டன். மழைக்கு இஃப், வரமாட்டனுக்கு வில்."

"சரிங்க சார்."

"என்ன சரி? ஒருக்காச் சொல்லுங்கோ பாப்பம்."

சொன்னேன். இரண்டு பக்கமும் வில் போட்டிருந்தேன். வாத்தியார் பலகையை அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதத் தொடங்கினார்.

அடுத்து ரிப்போர்ட்டட் ஸ்பீச். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லும்போது வினையைக் காலத்தில் ஒரு படி பின்னுக்குத் தள்ள வேண்டும். இன்று என்பது அன்று ஆகும், இங்கே என்பது அங்கே ஆகும். இது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. தோட்டத்தில் நாம் பரம்பரையாகச் செய்வதுதானே! துரை ஒரு சொல் கடிந்தால் கணக்கப்பிள்ளை கொஞ்சம் கூட்டிக் கங்காணியிடம் சொல்வார். நாம் குடியிருக்கும் லயத்துக்கு வந்து சேரும்போது அது இடியாக விழும். கீழேயிருந்து மேலே போகும் பேச்சோ படிக்குப் படி சூடு ஆறும். மலையில் பெண்கள் வைது தீர்த்தது, துரையின் காதில் "எல்லாரும் சந்தோசமா இருக்காங்க சார்" என்று விழும். இந்தச் சூட்டைப் பற்றி வாத்தியார் ஒன்றும் சொல்லித்தரவில்லை.

துரை எனக்கு வைத்த பரீட்சை நாள் வந்தது. துரை பின்னால் நடந்து வர, ஒரு வெள்ளைக்காரம்மாவை மலைக்குக் கூட்டிப் போனேன். காலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, பெண்கள் வெறுங்கூடையோடு புதுத் தேயிலை நிரையில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். முதல் கொழுந்தைப் போடும்போது "பொலி, பொலி" என்று சொல்லிப் போடுவது நம் வழக்கம். கூடை நிறைய வேண்டும் என்ற வேண்டுதல். அதை விளக்க நான் வாயெடுப்பதற்குள் அந்த அம்மா ஆசையாய் ஒரு கொழுந்தைக் கிள்ளி, பக்கத்துக் கூடையில் போட்டுவிட்டார். கூடை, நீங்கள் பெரியம்மா என்று கூப்பிடுகிற நம் பக்கத்து வீட்டு அக்காவுடையது.

"ஏந்தம்பி, பொலி சொல்லாம போட்டுருச்சே! இன்னைக்கு எட ஏறுன மாதிரிதான். கொறஞ்சா இந்தம்மாவா வந்து புடுங்கித் தரும்?"

அக்கா என்ன சொன்னார் என்று வெள்ளைக்காரம்மா கேட்டார்.

பழக்கம் விடுமா? "ஷி செட் ஷி வாஸ் வெரி ஹேப்பி" என்றேன். இலக்கணம் சுத்தம்! வாத்தியார் கேட்டிருந்தால் கட்டிப்பிடித்திருப்பார். அக்காவுக்கு ரொம்பச் சந்தோசமாம் என்றதும் அந்த அம்மாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. அடுத்த கூடையில் ஒன்று, அதற்கடுத்த கூடையில் ஒன்று என்று போட்டுக்கொண்டே போனார்.

"யோவ், என்னாத்தய்யா சொன்ன அதுக்கிட்ட?"

"இவரு கைடாம், கைடு!"

நிரை முழுக்கக் கை நின்றுவிட்டது. துரை என்னையே பார்த்தார். உண்மையைச் சொன்னால் விருந்தாளி முகம் சுளிப்பார், வேலை போச்சு, திரும்பவும் தூள் அறை. சொல்லாவிட்டால் சாயந்தரம் இவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? அந்த நேரம் பார்த்து இருமல் வேறு.

இருமி முடித்ததும் கொட்டிவிட்டேன். "மேடம், ஷி நாட் ஹேப்பி. ஷி ஆங்ரி. இஃப் யு வில் நாட் சே பொலி, பாஸ்கெட் வில் நாட் ஃபுல்." அக்காவுக்குக் கோபம், பொலி சொல்லாவிட்டால் கூடை நிறையாது என்று சொல்ல வந்தேன். படித்த இலக்கணம் பள்ளத்தில் உருண்டு போனது.

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு அக்காவிடம் போய்க் கைகூப்பினார். அக்கா கூடையைக் கவிழ்த்து, அந்தக் கொழுந்தை எடுத்து அவர் கையிலேயே வைத்தார்.

"நல்லாச் சத்தமாச் சொல்லுத்தா. கூடைக்குக் கேக்கணும்ல!"

"பொலி! பொலி!" அவர் போட்ட சத்தத்தில் கீழ் நிரை வரைக்கும் சிரிப்பு. மற்றக் கூடைக்காரிகள் விடுவார்களா? "எனக்கும் சொல்லச் சொல்லுங்க" என்று கூடையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றார்கள். எல்லாக் கூடைக்கும் சொல்லிவிட்டுத்தான் அந்த அம்மா மலையை விட்டு இறங்கினார்.

திரும்பும் வழியில் துரை தன் சிங்களத் தமிழில் சொன்னார்: "நமக்கும் தமிழ் வெளங்கும். அந்த 'வெரி ஹேப்பி' இனி வேணாம், ஹரித, சரியா? திங்கள் இருந்து இங்க வாங்க. தூள் ரூம் போக வேணாம்."

எல்லாரும் போன பிறகு தூள் அறைக்குப் போனேன். மூக்கில் கட்டிக்கொள்ளும் என் துணி ஆணியில் தொங்கியது. எடுத்துக்கொண்டு தண்ணீர்ப் பீலிக்கு இறங்கி, விழும் தண்ணீரில் அலசினேன். பால் ஊற்றாத சாயத் தண்ணி மாதிரி ஓடியது. நிறம் தெளியும் வரை அலசிப் பிழிந்து, பக்கத்தில் ஒரு தேயிலைச் செடியின் மேல் விரித்துக் காயப்போட்டேன்.