சிவ்பூஜனின் மீசையும் சிவப்புச் சேலையும்

காசியில் குஞ்ச் கலிச் சந்தில் உள்ள எங்கள் பட்டுக் கடையில் நான் சேலை மடிப்பவன். சிவ்பூஜன் யாதவ் சேலை கட்டிக்கொள்பவன். வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வெள்ளை விரிப்பு போட்ட மெத்தையில் உட்கார்ந்ததும், அவன் சட்டைக்கு மேலேயே ஒரு பட்டுச் சேலையைச் சுற்றி, கொசுவம் வைத்து, முந்தானையைத் தோளில் போட்டு மெல்லத் திரும்பிக் காட்டுவான். ஆள் நூற்றுப் பத்து கிலோ. விடியற்காலையில் ஆற்றங்கரை மல்யுத்தக் கூடத்தில் கர்லாக்கட்டை சுழற்றுபவன். மூக்குக்குக் கீழே இரண்டு அணில்களைப் படுக்க வைத்ததுபோல மீசை. அவன் வைக்கும் கொசுவம் இடப்பக்கம் சற்றுச் சாயும். இருபது வருடமாகச் சொல்கிறேன், கேட்கமாட்டான். மற்றபடி வேலை தெரிந்தவன்.

கல்யாணக் காலத்துக்கு முன்னால் முதலாளி நவ்நீத் சேட் கைபேசியில் நேரலை போட ஆரம்பித்தார். சிவ்பூஜன் ஊதாச் சேலையில் திரும்பிக் காட்டினான். நானூறு பேர் பார்த்தார்கள். சேலையின் விலையை ஒருவரும் கேட்கவில்லை. முப்பது பேர், "மீசை என்ன விலை?" என்று எழுதியிருந்தார்கள்.

"குரு, மீசையை எடுத்துடு. திங்கக்கிழமைக்குள்ள," என்றார் சேட். காசியில் யாரும் யாருக்கும் குருதான்.

"அப்பா இருக்காரு, சேட்ஜி."

இதற்கு மேல் இங்கே யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள். தகப்பனுக்குக் கொள்ளி வைக்கும்போதுதான் மகன் மீசையை எடுப்பான். சேட் யோசித்தார்.

"உடம்பு எப்படி இருக்கு அவருக்கு?"

"நேத்து எட்டு ரொட்டி சாப்பிட்டாரு."

"வயசு?"

"தொண்ணூத்தியொண்ணு. பல்லெல்லாம் சொந்தப் பல்லு."

"அப்ப இந்தக் கல்யாண சீசனுக்குள்ள எதுவும்..." என்று இழுத்த சேட், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "என்ன செய்வியோ தெரியாது. மீசையோட வந்தா உள்ளே போய் மடிப்பு வேலை பாரு. கட்டிக் காட்ட சூரத்லேர்ந்து லலித் வர்றான்."

மடிக்கப் போ என்பதும் வீட்டுக்குப் போ என்பதும் அவனுக்கு ஒன்றுதான். ஒருமுறை மடிக்கக் கொடுத்ததற்குப் புதுச் சேலையைக் கம்பளிபோலச் சுருட்டி, மேலே ஏறி உட்கார்ந்து தட்டையாக்கியிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, படித்துறையில் மூங்கில் குடைக்குக் கீழே உட்காரும் நாவிதர் கப்பூவிடம் போனான். நானும் கூடப் போனேன். "மீசையை எடுத்தா வளர எவ்வளவு நாளாகும்?" என்றுதான் கேட்டான். கப்பூ கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"எப்பய்யா போனாரு பெரியவரு? ஒருத்தரும் சொல்லலையே!"

"போகலை குரு. சும்மா கேட்டேன்."

"மனசைத் தேத்திக்க. முதல்ல எல்லாருக்கும் இப்படித்தான். நம்பவே முடியாது."

நாங்கள் தேநீர் குடித்துவிட்டு வீடு போய்ச் சேர்வதற்குள் செய்தி முந்திக்கொண்டுவிட்டது. வாசலில் பாடைக்கான மூங்கிலோடு இரண்டு பேர் நின்றிருந்தார்கள். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வழக்கமான இரண்டு கச்சோரியைத் தின்றுகொண்டிருந்த பெரியவர், அவர்களுக்கும் தட்டு வைக்கச் சொல்லியிருந்தார்.

"டேய், யாரோ செத்துட்டாங்களாம். யாருன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறானுங்க."

சிவ்பூஜன் நடந்ததைச் சொன்னான். பெரியவர் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு ஆட்சேபணை இல்லடா. ஆனா திங்கக்கிழமைன்னா ரொம்ப அவசரமா இருக்கு. ஹோலி வரைக்கும் தவணை குடுப்பாரான்னு சேட்டைக் கேட்டுப் பாரு."

திங்கட்கிழமை சிவ்பூஜன் மீசையோடு வந்து, உள்ளே என் பக்கத்தில் உட்கார்ந்தான். லலித் மெத்தையில் நின்றான். மழித்த முகம், ஒல்லி இடுப்பு, நீண்ட கழுத்து. பல்லியா ஊரிலிருந்து ஒரு கல்யாணப் பெண்ணும் அவள் அத்தையும் வந்திருந்தார்கள். லலித் சிவப்புச் சேலையைக் கட்டி, முந்தானையைத் தலையில் போட்டு, இமைகளைத் தாழ்த்தினான். நான்கூட மடிப்பை நிறுத்திவிட்டேன். கொசுவம் ஊசிபோல நேராக விழுந்திருந்தது.

பெண் சேலையை விட்டுவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள். இன்னொரு சேலை, அப்போதும் முகத்தையே. மூன்றாவது சேலையில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்னடி, பிடிக்கலையா?" என்றாள் அத்தை.

"போலாம் அத்தை. சேலை நல்லாத்தான் இருக்கு. அவருக்கு."

"அவரா கல்யாணம் பண்ணிக்கப் போறாரு?"

"நான் கட்டினா இப்படி இருக்காதே."

"உன் கல்யாணத்துக்கு வர்றவங்க இவரை எங்கடி பாத்தாங்க?"

"நான் பாத்துட்டேனே!"

லலித் உதவிக்கு வந்தான். "உங்களுக்கு இன்னும் நல்லா இருக்கும், அக்கா."

"நீ வாயைத் திறக்காதே, மகாராணி," என்றாள் அத்தை. எழுந்து செருப்பைத் தேடும்போது உள்ளே கண் போனது. "அட, அந்த மீசைக்காரரு! என் கல்யாணச் சேலையைக் கட்டிக் காட்டினதே இவருதானே. இவரை எதுக்கு மூலையில போட்டு வச்சிருக்கீங்க?"

சேட் அண்ணாந்து விசிறியைப் பார்த்தார். விசிறி பதில் சொல்லவில்லை. கடைசியில் தலையை அசைத்தார்.

சிவ்பூஜன் அதே சிவப்புச் சேலையைச் சுற்றிக்கொண்டு நின்றான். கொசுவம் இடப்பக்கம் சாய்ந்தது. தலையில் போட்ட முந்தானைக்கு உள்ளேயிருந்து மீசை இருபுறமும் எட்டிப் பார்த்தது. பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் அவள் பார்வை அந்த முகத்தில் தங்க இடமில்லாமல் மெல்லக் கீழே இறங்கியது. ஜரிகைக் கொடியை, கரையை, ஒவ்வொரு பூவாகப் பார்த்தாள்.

"இவரைவிட நான் நல்லாத்தான் இருப்பேன், அத்தை."

"பின்ன!"

நான்கு சேலைகள் எடுத்தார்கள்.

சேட் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. சிவ்பூஜனுக்கு ஒரு பான் வரவழைத்தார், லலித்தை நேரலைக்கு அனுப்பினார். தன்னை யாரும் பார்க்காதபடி நிற்பதும் ஒரு திறமைதான் என்று எனக்குத் தோன்றியது. சொன்னால் கொசுவத்தில் இன்னும் அலட்சியமாகிவிடுவான் என்று சொல்லவில்லை.

சாயங்காலம் அவனோடு வீட்டுக்குப் போனேன். பெரியவர் கட்டிலிலிருந்தே கேட்டார்.

"சேட் என்னடா சொன்னாரு? ஹோலி வரைக்கும் குடுத்தாரா?"

"நீங்களும் இருக்கலாம், மீசையும் இருக்கலாம்னுட்டாரு."

பெரியவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப நாளையிலேர்ந்து கச்சோரி நாலா வாங்கிட்டு வா."