தையல் போட்ட பக்கம்

டார்ச் அடித்து மாமாவின் வாயைச் சோதிக்கும் பொறுப்பை அம்மா எனக்குக் கொடுத்தபோது நான் நாலாங்கிளாஸ். அதுவரை என்னை நம்பிப் பால் வாங்கக்கூட அனுப்பியதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாமா அம்மாவின் தம்பி. கவரைப்பேட்டையில் எங்களோடுதான் இருந்தார். கும்மிடிப்பூண்டியில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் வேலை. கேட்டிலேயே பீடி, தீப்பெட்டியைப் பிடுங்கிவிடுவார்கள். அதனால் உள்ளே எல்லோருக்கும் மாவாதான். சீவலும் புகையிலையும் சுண்ணாம்பும் கசக்கிக் கன்னத்தில் அடக்கிக்கொண்டால் ஷிப்டு போவதே தெரியாதாம். அப்படி அடக்கிய இடது கன்னத்தில்தான் புண் வந்து, புற்றுநோய் என்றாகி, சென்னையில் வெட்டித் தைத்து அனுப்பினார்கள். அம்மா பெரியபாளையத்து அம்மன் கோயிலில் வேப்பஞ்சேலை கட்டி வலம் வந்தாள். "இன்னொருவாட்டி இத்த என்னால தாங்க முடியாதுடா" என்று அழுதாள். இனி மாவாவைத் தொடமாட்டேன் என்று மாமா என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அம்மாவுக்குச் சத்தியம் போதவில்லை, தினமும் தையல் போட்ட பக்கத்தைப் பார்த்துச் சொல்ல என்னையும் நியமித்தாள்.

தினமும் சாயங்காலம் ரயிலிறங்கி வந்ததும் மாமா சமர்த்தாக வாயைத் திறப்பார். முழுசாகத் திறக்க வராது. திறந்தவரைக்கும் தையலை எட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லம்மா" என்று அடுப்படிக்குச் சொல்லுவேன்.

ஒருநாள் டிவி பார்த்துக்கொண்டிருந்தவரின் வலது கன்னம் உப்பியிருந்தது. கேட்டேன். மனுஷன் பதறவேயில்லை.

"அந்தப் பக்கந்தான பாப்பா கெட்டுப்போச்சு? இந்தப் பக்கம் ஜோராகீது. அம்மாவாண்ட சொல்லி பேஜார் பண்ணாத."

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. இடது முட்டி சிராய்த்தால் வலது காலில் நொண்டி ஆடுகிறவள்தானே நான். அம்மா பார்க்கச் சொன்னதும் தையலைத்தான். அன்றும் "ஒண்ணுமில்லம்மா" என்றேன். அம்மா நண்டுக் குழம்பு வைத்தாள், மூன்று பேரும் சந்தோஷமாகச் சாப்பிட்டோம். இப்படியே இரண்டு வருஷம் போனது.

அடுத்த புண் வலது கன்னத்திலும் வரவில்லை, நாக்குக்கு அடியில் வந்தது. பழையது திரும்பவில்லை, இது புதுசு என்றார் டாக்டர். புகையிலை ஊறின வாயில் எங்கே வேண்டுமானாலும் வரும், விட்டால்தான் ஆபத்து குறையும் என்றார். நல்லவேளை, ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டார்கள். மாமா அன்றோடு மாவாவை விட்டார். இன்றைக்கும் இருக்கிறார். பேச்சு கொஞ்சம் குழறும், எங்களுக்குப் புரியும். குழம்பில் உப்பு குறைந்தால் முதலில் கத்துவதும் அவர்தான்.

கொடுத்த வேலையில் ஒருநாளும் தவறவில்லை என்று நான் ரொம்ப காலம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு வருஷத்தில் அம்மா ஒருமுறைகூடத் தானே டார்ச்சை எடுத்துப் பார்க்கவில்லை. நான் சொன்னதை நம்பித்தான் அவள் பார்க்காமல் இருந்தாள் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.