காட்டுக்கு வேலைக்குப் போன எங்கள் அம்மா

அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையிலெடுத்திருக்கும் உங்களில் பலர், அவரை விம்பிள்டன் கோயில் திருவிழாவில் பட்டுச் சேலையோடு கண்டிருப்பீர்கள். ஹவுன்ஸ்லோவில் எங்கள் வீட்டுக்கு வந்து, அவர் காய்ச்சிய ஒடியற்கூழைக் குடித்திருப்பீர்கள். ஆனால் அவர் என்ன வேலை செய்தார் என்று கேட்டால், "எங்கேயோ காட்டுப் பக்கம் மெசின் ஓட்டுறா" என்பதற்கு மேல் சொல்லத் தெரிந்திருக்காது. அது உங்கள் பிழையல்ல. அம்மா அதைப் பற்றி வெளியில் அதிகம் பேசியதில்லை. மூத்த மகள் என்ற முறையில் அதை எழுதும் பொறுப்பை அப்பாவும் தம்பியும் என்னிடம் தந்திருக்கிறார்கள்.

அம்மா சாவகச்சேரியில், புகையிரத நிலையக் குமாஸ்தா ஒருவரின் நான்காவது மகளாகப் பிறந்தார். படிப்பில் கெட்டிக்காரி. உயர்தரப் பரீட்சை எழுதவேண்டிய வயதில் குடும்பம் இடம்பெயர்ந்தது, பரீட்சை நடக்கவேயில்லை. சில வருடங்களின் பின், லண்டனில் இருந்த அப்பாவுக்குக் கலியாணம் பேசி அனுப்பினார்கள். அதுவரை படத்தில் மட்டும் கண்ட மனிதரை விமான நிலையக் கூட்டத்தில் தேடிக் கண்டுபிடித்தது தான்தான், அவர் வேறு யாருக்கோ பூச்செண்டை நீட்டிக்கொண்டு நின்றார் என்று அம்மா கடைசி வரை சொல்லிச் சிரிப்பார். அப்பா ஒருநாளும் மறுத்ததில்லை.

நானும் தம்பியும் பாடசாலைக்குப் போகத் தொடங்கிய பின், விமான நிலையச் சரக்குக் கொட்டகையில் பெட்டிகளுக்கு லேபல் ஒட்டும் வேலை அம்மாவுக்குக் கிடைத்தது. பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிப்ட் வண்டி ஓட்டப் பழக யாருக்கு விருப்பம் என்று அங்கே கேட்டபோது, பெண்களில் அவர் மட்டுமே கையை உயர்த்தினார். ஏன் உயர்த்தினீர்கள் என்று நான் பிறகு கேட்டிருக்கிறேன்.

"நிண்டு நிண்டு கால் உளைஞ்சு போச்சு, பிள்ளை. அதில எண்டால் இருக்கலாம்தானே," என்றார்.

கொட்டகையில் ஆட்குறைப்பு வந்தபோது, அம்மாவோடு வேலை செய்த ஒருவர் சசெக்ஸ் பக்கம் மரம் தறித்து விற்கும் ஒரு சிறிய நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தார். அவர் சொல்லித்தான் அம்மா அங்கே போனார். முதலில் மரமடுவத்தில் லொறிகளுக்குப் பலகை ஏற்றினார். அவர் கையின் நிதானத்தைக் கண்ட முதலாளி, பயிற்சிக்கு அனுப்பி, காட்டுக்குள் ஓடும் ஃபோர்வார்டரை அவரிடம் கொடுத்தார். ஃபோர்வார்டர் என்பது எட்டுச் சில்லு வைத்த பெரிய வண்டி. தறித்துத் துண்டு போட்ட குற்றிகளைத் தன் கிரேனால் அள்ளி முதுகில் அடுக்கிக்கொண்டு, சேற்றையும் சரிவையும் தாண்டி, லொறி வந்து நிற்கும் பாதை வரை கொண்டுவந்து இறக்கும். அதன் கபினுக்குள் ஏறுவதற்கு ஏணி உண்டு. அம்மாவின் உயரத்துக்கு அந்த ஏணியின் முதற்படி எட்டாது. ஒரு மரக்கட்டையைப் போட்டுத்தான் ஏறுவாராம்.

அப்பாவுக்கு இந்த வேலை துளியும் பிடிக்கவில்லை.

"இஞ்சேரும், காட்டுக்குள்ள ஆம்பிளையளோட நிண்டு மரம் ஏத்திறது ஒரு வேலையே? சனம் என்ன சொல்லும்?"

"சனம் காட்டுக்குள்ள வாறேல்லை. வந்தால் கேட்டுச் சொல்லுறன்," என்றார் அம்மா.

அப்பா மறிக்கவில்லை. ஆனால் இன்றைக்கு வேலை எப்படி என்று ஒருநாளும் கேட்கவும் இல்லை. அம்மா விடிய முன்னம் காரை எடுத்துக்கொண்டு போவார். பின்னேரம் வந்து, கையில் ஒட்டிய மரப்பிசினைத் தேங்காய் எண்ணெய் பூசித் தேய்த்துக் கழுவிவிட்டுச் சமைக்கத் தொடங்குவார். அப்பா தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருப்பார். இப்படியே இரண்டு மூன்று வருடம் போயிற்று. "உங்கட அப்பா, நான் ஏதோ கடைக்குப் போட்டு வாறன் எண்டு நினைக்கிறார்," என்று அம்மா ஒருமுறை என்னிடம் சொன்னார்.

ஒரு மாரியில் பெருங்காற்று அடித்து, காட்டில் நிறைய மரங்களை வேரோடு சாய்த்துவிட்டது. சாய்ந்தவற்றை இயந்திர வாளால் அறுக்கும் வேலை கொலின் என்பவருடையது. அம்மாவை விட மூத்தவர். அறுத்ததை ஏற்றுவது அம்மாவின் வேலை. அன்று அந்தச் சரிவில் அவர்கள் இருவர் மட்டுமே. வளைந்து இறுகிக் கிடந்த ஒரு பைன் மரத்தைக் கொலின் அறுத்தபோது அது துள்ளி உருண்டது. அம்மா கபினிலிருந்து திரும்பிப் பார்க்க, கொலின் நின்ற இடத்தில் அவர் இல்லை.

இறங்கி ஓடினார். கொலினின் தொடைக்கு மேல் மரம் கிடந்தது. நினைவு இருந்தது. அம்மா அவசர உதவியைத் தொலைபேசியில் அழைத்தார். ஆனால் மழையில் ஊறிய மண்ணில் மரம் மெல்ல மெல்ல அவருடைய வயிற்றை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. உதவி வரும் வரை அது காத்திருக்காது.

மேற்பக்கத்தால் வண்டியைக் கொண்டுவந்தால் வண்டியே சறுக்கி அவர் மேல் வந்துவிடும். ஆகவே கீழ்ப்பக்கத்தால் சுற்றி வந்து, கிரேனை எட்டுமட்டும் நீட்டி, மரத்தைக் கவ்விப் பிடித்தார். ஒரு முனை அதிகமாக எழும்பினால் மறு முனை காலை நசுக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு, உள்ளங்கை நுழையுமளவுக்குத்தான் தூக்கினாராம். இனி அவரை இழுத்தெடுக்க வேண்டும். இழுக்க வேறு ஆளில்லை. அம்மாவாலோ பிடியை விட்டு இறங்க முடியாது. கபின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, தன்னையறியாமல் தமிழிலேயே கத்தினார்:

"கொலின், வாங்கோ! வாங்கோ! கொஞ்சம்! இன்னும் கொஞ்சம்!"

கொலின் முழங்கையை ஊன்றி, அலறிக்கொண்டு, தன்னைத் தானே இழுத்து வெளியே வந்தார். அதன் பிறகுதான் அம்மா மரத்தை இறக்கினார். தன் ஜக்கற்றைக் கழற்றிப் போர்த்தி, ஹெலிகொப்டர் வரும் வரை சேற்றில் அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு வைத்தியசாலையில் பார்க்கப் போனபோது, அன்றைக்கு நீ திரும்பத் திரும்பச் சொன்ன அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கொலின் கேட்டாராம். வீட்டுக்கு வருபவர்களை வரவேற்கச் சொல்வது என்று விளக்கத் தொடங்கிய அம்மா, அங்கேதான் முதன்முதலாக அழுதார்.

விபத்து நடந்த அன்று பின்னேரம் அவர் வீட்டுக்கு வந்த கோலம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. கன்னம் வரை சேறு. குசினிக் கதிரையில் இருந்துகொண்டு நடந்ததைச் சொன்னார். அப்பா தேத்தண்ணி போட்டு வைத்துவிட்டு எதிரில் இருந்தார். இனி இந்த வேலை வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்றே நானும் தம்பியும் நினைத்தோம்.

"நாளைக்கு நான் கூட்டிக்கொண்டு போறன்," என்றார் அப்பா.

"நாளைக்கு வரத் தேவையில்லை எண்டவை. லீவு தந்திருக்கினம்."

"நீர் நாளைக்கு ஏறாட்டில் பிறகு ஏறமாட்டீர். எனக்கு உம்மைத் தெரியும்."

அந்தச் சரிவை மூடிவிட்டார்கள். வேலை பக்கத்துக் காட்டில். மறுநாள் அப்பா, தான் வேலை செய்த பெற்றோல் ஸ்டேசனில் ஷிப்டை மாற்றிக்கொண்டு அம்மாவோடு போனார். அம்மா கபினில் ஏறி, இயந்திரத்தைத் தொடக்காமல் வெகுநேரம் இருந்தாராம். அப்பா மழைக்குள், அம்மாவின் கண்ணில் படும்படியாக ஓரிடத்தில் நின்றுகொண்டேயிருந்தார். கூப்பிடவில்லை, கை காட்டவில்லை. பிறகு வண்டி அசைந்தது. வீட்டுக்கு வந்ததும் அப்பா முதல் வேலையாகத் தோர்ண்டன் ஹீத்திலிருக்கும் மாமாவுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"மச்சான், உம்மட தங்கச்சி மரம் தூக்கிறதை நீர் ஒருக்காப் பாக்கோணும். முட்டையைத் தூக்கிற மாதிரியெல்லே தூக்கிறா!"

அதற்குப் பிறகு, "இண்டைக்கு என்ன மரம்?" என்று அப்பா கேட்காத பின்னேரமில்லை. அம்மா கையைக் கழுவ முன்னமே சொல்லத் தொடங்கிவிடுவார். சமையலில் பாதி அப்பாவின் கைக்கு மாறியதும் அந்தக் காலத்தில்தான். எங்கள் வீட்டின் மிக நல்ல வருடங்கள் அவை.

அம்மா யாரையும் கடிந்து பேசியதை நான் கேட்டதில்லை. கூடு இருக்கும் மரமென்றால் குஞ்சுகள் பறக்கும் வரை அந்தப் பக்கம் வண்டியைக் கொண்டுபோகமாட்டார். புதிதாக லண்டனுக்கு வந்த எத்தனையோ பிள்ளைகளுக்கு எங்கள் வீட்டு முன்னறைதான் முதற் படுக்கை. அவர்களில் சிலர் இதை வாசிப்பீர்கள்.

போன வருடம் புற்றுநோய் என்று தெரிந்தபோது, அது முற்றியிருந்தது. கடைசி மாதம் வீட்டிலேயே வைத்துப் பார்த்தோம். கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்ற, தூக்கும் கருவி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். முதல் நாள், தாதிப் பிள்ளைக்குக் கை பதறியது. கருவியின் பட்டியில் தொங்கியபடியே அம்மா என்னைப் பார்த்து, "அந்தப் பிள்ளையைப் பயப்பிட வேண்டாம் எண்டு சொல்லு. நல்லாத்தான் தூக்கிறாள்," என்றார். ஒரு விடியற்காலையில், அப்பா பக்கத்தில் இருக்க, அமைதியாகப் போய்விட்டார்.

அந்தத் தாதிக்கும், வைத்தியர்களுக்கும், நேரம் பாராமல் சாப்பாடு கொண்டுவந்த அயலவர்களுக்கும், தோர்ண்டன் ஹீத் மாமா மாமிக்கும், தேவாரம் பாடிய பிள்ளைகளுக்கும், கடல் கடந்து வந்தும் தொலைபேசியிலும் எங்கள் துயரில் பங்குகொண்ட எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இறுதிக் கிரியையன்று, அம்மாவோடு காட்டில் வேலை செய்த மூன்று பேர் கறுப்புக் கோட்டணிந்து மண்டபத்தின் கடைசி வரிசையில் ஒதுங்கி நின்றார்கள். அவர்களோடு கொலினும் ஊன்றுகோலோடு வந்திருந்தார். பெட்டியைத் தூக்கும் நேரம் வந்ததும், அப்பா எங்கள் உறவுகளைத் தாண்டி நேரே அவர்களிடம் போனார். நீங்களும் எங்கள் ஆட்கள், வந்து பிடியுங்கள் என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். ஒரு பக்கம் மாமாவும் தம்பியும் ஒன்றுவிட்ட அண்ணாவும், மறு பக்கம் அந்த மூவரும் தோள் கொடுத்தார்கள். கொலினால் தூக்க முடியாது. பெட்டியில் ஒரு கையை வைத்தபடி பக்கத்தில் நொண்டி நொண்டி வந்தார். அவருடைய நடைக்கு ஏற்றபடி, யாரும் சொல்லாமலே, எல்லோரும் மெதுவாக நடந்தார்கள். எங்கள் அம்மாவை அவ்வளவு மெதுவாகக் கொண்டுபோனதற்காக அவர்கள் எல்லோரையும் நாங்கள் கைகூப்பி வணங்குகிறோம்.