முதல் முகாமில் ஓடிப்போனவன்

விருத்தாசலத்தில் பங்குக் கோயில் வாசலில் நிற்கிறோம். இளையோர் கோடை முகாமில் விட மகள் ஸ்டெல்லாவைக் கம்மாபுரத்திலிருந்து கூட்டி வந்திருக்கிறேன். எதிர்ப் பட்டறையில் பீங்கான் பொம்மைகளை வைக்கோல் சுற்றி அடுக்குகிறார்கள். ஸ்டெல்லா உள்ளே போக மறுக்கிறாள்.

“வூட்டுக்கே போயிடலாம்பா.”

முகாம் தொடங்கிய ஆண்டிலிருந்து இங்கே சமைக்கும் செசிலியம்மா சிரிக்கிறார்.

“மொத கேம்ப்புலயே ஒரு பையன் செவுரு ஏறிக் குதிச்சு ஓடிட்டான் பாப்பா. அப்புறந்தான் செவுத்த ஒசத்துனாங்க. அவரு இப்ப ரோமாபுரியில பெரிய சாமியாராம்!”

“அப்ப நானும் ஓடறேன்.”

எனக்குக் காது சுடுகிறது. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவன் நான். ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

“சாமியாரு இல்லீங்க, கொத்தனாரு. நான்தான் அது. நான் ஓடுன மறுநாளு மத்த பசங்க எல்லாரும் மணிமுத்தாறுல குளிச்சாங்களாம். வருசம் பூரா அதையே சொல்லிச் சொல்லி வெறுப்பேத்துனானுங்கம்மா.”

“அடப்பாவி மனுசா! வருசா வருசம் ஒங்களுக்குன்னு ஜெபம் சொல்றமே!” என்கிறார் செசிலியம்மா.

ஸ்டெல்லா விழுந்து விழுந்து சிரிக்கிறாள். “எங்கப்பாதான் அந்தப் பையன்!” என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடுகிறாள்.

சன்னல்களில் முகாமே எட்டி என்னைப் பார்க்கிறது. மகள் மட்டும் கிளம்பச் சொல்லிக் கை காட்டுகிறாள்.