நானாவோட ஹோனுக்கு ஓடினவ

வேன்கார நானா செத்துட்டாராம்.

சாயங்காலம் பாண் கொண்டு வந்தவர் சொன்னாரு. "உக்குவளை நானா மௌத்தாயிட்டாரு. அடிபட்டதுல இருந்து எழும்பவே இல்ல"ன்னு சொல்லிட்டு, அடுத்த வீட்டுக்குப் போயிட்டாரு.

அம்மா அழுதாங்க. நான் அழல... அழுதா ஏன்னு கேப்பாங்க.

இது நம்ம நாலு கூட்டாளிங்களும் மாறி மாறி எழுதுற கொப்பி, இந்த வாரம் எழுதுற முறை எனக்கு. அப்பா முழிச்சிரக் கூடாதுன்னு லாம்புத் திரியைக் கொறைச்சு வச்சிருக்கேன். எழுத்துக் கோணலா இருக்கும்.

நானாவோட வேன் உங்களுக்குத் தெரியாததா! ஒரு பக்கக் கதவு கயித்துல கட்டினது. உள்ள வெங்காயம், உப்பு, சவுக்காரம், நெருப்புப் பெட்டி, ஹேர்பின்... கடைசியில கருவாட்டுப் பொட்டி.

கருவாட்டுக்குக் கீழதான் அரிசி. வில்கமுவப் பக்கத்து அரிசி.

அரிசியை ஊர் விட்டு ஊர் கொண்டு போகக் கூடாதுன்னு சட்டம், போனாப் பொலிஸ் புடிக்கும். "இந்த நாத்தத்துக்குள்ள எவன் கையை விடுவான்?"னு நானா சிரிப்பாரு.

"சீனி இருக்கா நானா?"ன்னு கேட்டா, "என்னையப் பாத்தாப் போதாதா? அவ்வளவு இனிப்பா இருக்கேனே"ம்பாரு. பொம்பளைங்க எல்லாம் சேலைத் தலைப்பால வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்பாங்க.

பத்மா, உங்கம்மா ஒரு தடவை சண்டை போட்டாங்களே. "பருப்புல பாதி கல்லு. பல்லுப் போனா நீங்களா கட்டித் தருவீங்க?"

"உனக்கு இருக்கிறதே நாலு பல்லு மாரியாயி."

"அந்த நாலே போதும், உங்களைக் கடிக்க!"

அன்னைக்கு லயத்துல இருக்கிற எல்லா வீடும் சிரிச்சுச்சு. நானாதான் எல்லாரையும் விடச் சத்தமா.

ஞாயித்துக்கிழமைன்னா கீழ் வளைவுல ஒரு ஹோன் சத்தம். அதுக்கு மேல வரமாட்டாரு, வேனை நிப்பாட்டிட்டுக் காத்திருப்பாரு.

லயத்துல இருந்து ஒரு புள்ள தேயிலைக்குள்ள குறுக்கால ஓடி, மேல யாரும் நிக்கிறாங்களான்னு சொல்லணும். சொன்னாத்தான் ஏறுவாரு.

வேகமா ஓடுறவ நான். அதனால எப்பவும் நான்தான். ஓடினதுக்கு ஒரு டொபி, திரும்பி வரும்போது வேன்ல சவாரி.

நானா அடிபட்ட அந்த ஞாயித்துக்கிழமை காலையில கிளாக்கரய்யா என்னை அவரு வீட்டுப் பின்வாசலுக்குக் கூப்பிட்டாரு. தோட்டத்துக் கடை அவரு மச்சானோடது. நானா வந்தா அங்க யாரும் போறதில்ல.

"நீதானே ஓடுறவ? இன்னைக்கும் வழி நல்லா இருக்குன்னு சொல்லு. அவ்வளவுதான். பொய் சொல்றது உனக்குப் புதுசா?"

நான் போகத் திரும்பினேன்.

"இல்லாட்டி தோட்டத்து வேலையில இருந்து உங்கப்பன் பேரை வெட்டிருவேன். ஆறு பேரும் சட்டி பானையோட ரோட்டுல நில்லுங்க."

அப்புறம் ஒரு துண்டுப் பாண் குடுத்தாரு, பட்டர் பூசினது. எங்க வீட்டுல மூணு நாளா மரவள்ளிக் கிழங்குதான்.

அங்கேயே நின்னு தின்னேன். நல்லா இருந்துச்சு.

ஹோன் அடிச்சுச்சு. ஓடினேன். தேயிலை ஸ்டோருக்குப் பின்னால பொலிஸ் ஜீப் நின்னதைப் பாத்துக்கிட்டேதான் ஓடினேன்.

"புள்ள, மேல வழி எப்படி?"

"வழி நல்லா இருக்கு நானா."

ரொம்ப மூச்சு வாங்குதுன்னு அன்னைக்கு ரெண்டு டொபி குடுத்தாரு. "ஏறு, போவம்"னாரு.

செருப்பு அறுந்துருச்சு, மெதுவா நடந்து வாறேன்னு சொன்னேன்... என் கால்ல செருப்பே இல்ல. நானா பாக்கல.

மத்தது நீங்க எல்லாரும் பாத்ததுதான். கருவாட்டுப் பொட்டியத் தூக்கி வீசினாங்க. நானா தலையில கையை வச்சுக் குந்திட்டாரு. ஒருத்தன் சப்பாத்துக் காலால அவரு வயித்துல உதைச்சான். கிளாக்கரய்யா குடை புடிச்சு நின்னாரு.

ஜீப் போச்சு, நானாவை ஏத்திக்கிட்டு. வேனும் போச்சு. வெடிச்ச அரிசி மூட்டை மட்டும் சேத்துல கெடந்துச்சு.

பொம்பளைங்க எல்லாம் ஓடினாங்க. எங்கம்மா கொழுந்து எடுக்கையில இடுப்புல கட்டுற படங்குச் சாக்குல மண்ணோட அள்ளிட்டு வந்தாங்க. ஏழு தடவை கழுவி ஆக்கினாங்க, அப்பவும் பல்லுல மண்ணு கடிச்சுச்சு.

நான் ரெண்டாம் தடவையும் சோறு கேட்டு வாங்கித் தின்னேன்.

அடுத்த நாளே தண்ணிப் பீலியில பேச்சு. "கடிக்கிறேன்னு சொன்னவ அவதானே? கடிச்சுட்டாளே!"

பத்மா, உங்கம்மாவோட குடத்தை உருட்டி விட்டாங்க. தண்ணி புடிக்க விடல. "நான் ஏண்டி அந்த மனுசனைக் காட்டிக் குடுக்கப் போறேன்? என் புள்ளைங்களும் அந்தச் சோத்தைத்தானே தின்னுச்சு?"ன்னு கேட்டாங்க.

அப்போ ஒருத்தி பின்னால இருந்து "காட்டிக்குடுத்தவ!"ன்னு கத்தினா. யாருன்னு உங்கம்மா திரும்பித் திரும்பிப் பாத்தாங்க.

நான்தான்.

மூணு வாரமா உங்கம்மா விடியமுன்ன ஆத்துக்கு எறங்கித் தண்ணி தூக்குறாங்க. நீ பள்ளிக்கூடம் வாறதில்ல. இப்ப நானாவும் செத்துட்டாரு, இனி உங்களை லயத்துலயே இருக்க விட மாட்டோம்னு எங்கப்பாவே சொல்றாரு.

நாளைக்குக் கொப்பி உன் முறை, பத்மா. உங்க காம்பராக் கதவுக்குக் கீழ தள்ளணும். உங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, நீதான் படிச்சுக் காட்டணும்.

நீ வெளிய சொன்னா எங்கப்பா பேர் போயிரும். ஆறு பேர்... கடைசித் தங்கச்சி இன்னும் நடக்கல.

அப்பா இருமுறாரு. லாம்பை ஊதணும்.

அந்த ரெண்டு டொபியும் கொப்பி உறைக்குள்ள வச்சிருக்கேன் பத்மா, ஒட்டிப் போயிருக்கும்.

போங்க நானா. வழி நல்லா இருக்கு.